பித்தளைப் பாத்திரமும் என் வயிற்றெரிச்சலும்

ஊரார் பிள்ளைகள் காலேஜுக்குப் போக மனு வாங்கி வைக்கும் உத்தியோகத்தைப் போல வயிற்றைக் கெடுக்கும் உத்தியோகம் வேறொன்று கிடையாது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நான் குமாஸ்தா. முதலாளி சாயபு வருஷத்துக்கு ஒரே ஒரு ஏழைப் பையனை வேலூர் காலேஜில் இண்டர்மீடியட் படிக்க வைப்பார். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். மனுக்களைப் படித்து, வீடு வீடாகப் போய் ஏழ்மையைப் பார்த்து, ஒவ்வொரு மனுவின் அடியிலும் ஒரு வரி எழுதுவது என் வேலை. அந்த ஒரு வரியை வைத்துத்தான் சாயபு முடிவு செய்வார்.

நானும் எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறியவன். அன்று எனக்கு ஒரு சாயபு கிடைக்கவில்லை, நேராகக் குமாஸ்தா நாற்காலிக்கு வந்துவிட்டேன். என்னைப் போல, தாங்கள் போக முடியாத இடத்துக்குப் பிறரை வழியனுப்பிக்கொண்டே காலம் தள்ளும் குமாஸ்தாக்களே, நீங்களாவது என்னைப் புரிந்துகொள்வீர்கள்.

கறை

அந்த வருஷம் முதலில் வந்தவன் ஒரு தரகர் மகன். தன் அப்பா ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல் ஊறவைக்கும் கூலி என்றான். தானும் லீவு நாளில் கூடவே குழியில் இறங்குவதாகச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினான். உள்ளங்கை செக்கச்செவேலென்று கறையேறி இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் பரிதாபமாகிவிட்டது.

பிறகுதான் அவன் காலைப் பார்த்தேன். குழியில் இறங்கித் தோலை மிதிக்கிறவனுக்கு முழங்கால் வரைக்கும் கறை ஏறியிருக்கும், நகக்கண்ணில் ஏறியது ஆயுசுக்கும் போகாது. இவன் பாதமோ அப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவியதுபோல வெளுப்பாக இருந்தது. மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். அவனுக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "காலுக்கும் பூசணும்னு ஒருத்தரும் சொல்லலியே, சார்!"

கையெழுத்து

அடுத்து வந்தவன் தேவசகாயம். எங்கள் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் மரியம்மாளின் மகன். அப்பா இல்லை. காலேஜ் சேர்க்கை முடிய எட்டு நாள்தான் இருந்தது. சாயபு கை கொடுக்காவிட்டால் மறுநாளே அவனும் அம்மாவோடு உலக்கை பிடிக்க வேண்டியதுதான். மனுவை ஆங்கிலத்தில் அவனே எழுதியிருந்தான். படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு திருத்தம் கிடையாது. தப்புக் கண்டுபிடிக்க மூன்று தரம் படித்தேன். கிடைக்காததால் இன்னும் எரிச்சல்தான் ஜாஸ்தியாயிற்று.

சாயபுவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் என் கடிதங்களைப் பத்து வருஷமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். மனுவை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: "முனுசாமி, பையன் அப்டியே ஒன்ன மாதிரி எழுதறான்யா. இல்ல, ஒன்னவிட ஒரு படி ஜாஸ்தி!"

வீடு பார்த்த அன்று

மூன்றாவது மனு எங்கள் ஸ்டோர் கீப்பர் ஞானமுத்துவின் மகனுடையது. ஞானமுத்து என் சக உத்தியோகஸ்தர். என்னைவிடச் சம்பளம் அதிகம், பேச்சு அதைவிட அதிகம். அவர் வீட்டுக்குள் போனால் அடுப்படியில் நாலு மண்சட்டி, மூலையில் ஒரு கிழிந்த பாய். சுவரில் பாத்திரம் அடுக்கும் பலகை மட்டும் நீளமாக, காலியாக இருந்தது. "கஷ்ட ஜீவனம்தான்யா" என்று அவர் பெருமூச்சு விட்டார்.

பக்கத்து வீடு மரியம்மாளுடையது. உள்ளே நுழைந்ததும் கண் கூசியது. அண்டா, குடம், சொம்பு, தாம்பாளம் என்று பித்தளை மின்னியது. மரியம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடிக்க எடுத்தபோது அதன் கழுத்தில் வெட்டியிருந்த பெயரைப் படித்தேன். 'ஞானமுத்து'. குடத்திலும் அதே பெயர், தாம்பாளத்திலும் அதே பெயர். நான் பார்ப்பதைப் பார்த்து அவள் சிரித்தாள். "பக்கத்து வூட்டுல வெள்ளையடிக்கிறாங்களாம், ரெண்டு நாளைக்கு வெச்சிக்கோன்னாங்க. இவ்ளோ இருந்தா நான் இன்னாத்துக்குங்க பட்டை இடிக்கப் போறேன்?"

ஒரு வரி

ஆபீசுக்குத் திரும்பி தேவசகாயத்தின் மனுவை எடுத்தேன். புதுக் கோட்டோடு அவன் வேலூர் காலேஜுக்குப் போகக் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்குவது போல ஒரு காட்சி மனத்தில் வந்தது. கையில் தடித் தடியாகப் புத்தகம். அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும். பேனாவை மையில் தொட்டு எழுதினேன்: 'வீட்டில் பித்தளைப் பாத்திரங்கள் நிறைய உண்டு.' ஞானமுத்து மகனின் மனுவில், 'வீட்டில் நாலு மண்சட்டிதான்.' இரண்டிலும் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

சாயபு வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அப்ப ஞானமுத்து பையன்தான். நாளைக்குக் காகிதம் கொண்டா" என்றார். மறுநாள் காலை ஞானமுத்து என் மேஜைக்கு வந்தார். கையில் ஆற்காடு மக்கன்பேடா மிட்டாய்ப் பொட்டலம். மகனுக்குத் தையல்காரன் கோட்டுக்கு அளவெடுத்தாயிற்று என்றார். என் நாற்காலியின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எம்புள்ள பி.ஏ. முடிச்சிட்டு இங்கதான் மேனேஜரா வருவான். அவன் உள்ள வர்றப்ப நீ எய்ந்து நிக்கணும், தெரிஞ்சுதா?"

சாயபு முன்னால்

வாயில் போட்ட பேடாவை அப்படியே துப்பினேன். உள் அறையில், நான் வைத்துவிட்டு வந்த காகிதத்தில் கையெழுத்துப் போடச் சாயபு பேனாவை எடுத்திருந்தார். ஓடிப்போய்க் காகிதத்தின்மேல் கையை வைத்தேன். சொம்பில் பார்த்த பெயரிலிருந்து மரியம்மாள் சொன்னது வரைக்கும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். "நேத்தே தெரியும்ல? ஏன் சொல்லல?" என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததென்னவோ நிஜம்தான். "அந்தப் பையன்மேல பொறாமைங்க, சாயபு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். ஞானமுத்துவைக் கூப்பிட்டு விசாரித்தார். வெள்ளையடிக்கத்தான் என்று ஞானமுத்து இழுத்தார். காகிதத்தில் பெயர் மாறியது. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு மட்டும் எப்டிய்யா நியாயம் வந்துச்சு?" என்றார். ஞானமுத்துமேல் அதைவிட ஜாஸ்திப் பொறாமை என்றேன். சாயபுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போய்யா, பேஜார் புடிச்சவனே! அடுத்த வருஷமும் நீயே வீடு பாரு, ஒரு பொறாமைய இன்னொரு பொறாமை சரிக்கட்டிடும்!"

நன்றி

சேர்க்கைக்கு இரண்டு நாள் முன்னதாக மரியம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் சாயபு தைத்துக் கொடுத்த புதுக் கோட்டுப் போட்டிருந்தான், நான் நினைத்துப் பார்த்ததைவிட நன்றாகவே பொருந்தியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. நடந்ததை அவர்களிடம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மரியம்மாள் முந்திக்கொண்டாள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தெருவே எம்புள்ளயப் பாத்து எரியுதுங்க, ஐயா. பொறாமயில்லாத மனுசன் நீங்க ஒருத்தருதான்."

தர்மம் செய்கிறவர் சாயபு, படிக்கிறவன் தேவசகாயம், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வயிறெரிவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான்.