அத்தையின் கருநாக்கு

யார் சாவார்கள், யார் பிழைப்பார்கள் என்பதை எங்கள் வீட்டில் அத்தைதான் முன்கூட்டியே சொல்வாள். டிவி நாடகத்தில் வருகிறவர்களைத்தான் சொல்கிறேன், பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது பின்னால் வருகிறது.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கச்சிராயபாளையத்தில் எங்களோடுதான் இருந்தாள். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். டவுன் பஸ்ஸில் போய் டவுன் பஸ்ஸில் வருவாள். எனக்குப் பத்து வயதாகியிருந்த அந்த வருடம், வெளிநாட்டு ஆஸ்பத்திரி நாடகம் ஒன்றைத் தமிழில் பேசவைத்து ஒரு சேனலில் போட ஆரம்பித்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, சாயங்காலம் ஏழு மணிக்கு. ஆரம்பத்தில் 'சீசன் ஒன்று' என்று எழுத்து வரும். எங்கள் ஊரில் சீசன் என்றால் கரும்பு வெட்டுகிற சீசன்தான். வெட்டு தொடங்கியபோது நாடகமும் தொடங்கியதால், இரண்டையும் ஒரே ஆள்தான் ஏற்பாடு செய்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாடகம் முழுக்க அவசரப் பிரிவிலேயே நடக்கும். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைக்கார டாக்டர்கள் ஓடிவந்து, "ரத்த அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது டாக்டர்!" என்று சுத்தத் தமிழில் கத்துவார்கள். வாய் மூடிய பிறகும் குரல் வரும். செத்துப்போனவர்களுக்கு வாய் அசையாமலே ஒரு வார்த்தை வந்துவிடும். அப்பா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு முதுகு சில்லிடும்.

அத்தை கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்ப்பாள். ஒருவன் விரலில் சின்னக் காயத்தோடு, நர்ஸைக் கேலி செய்துகொண்டு நடந்து வருவான். அத்தை தலையை நிமிர்த்தாமல், "இது நிக்காது" என்பாள். அவள் ஆஸ்பத்திரியில் உயிர் தங்காது என்பதற்கு அப்படித்தான் சொல்வார்களாம். அரை மணி நேரத்தில் அவன் முகத்தில் துணியைப் போட்டு மூடுவார்கள். இன்னொருத்தி, உடம்பெல்லாம் ரத்தம், மூச்சே இல்லை. "இது பொழைச்சிக்கும். அடுப்புல பால வச்சிட்டு வந்தியா நீ?" என்று என்னிடம் கேட்பாள். அவள் பிழைத்துக்கொள்வாள். ஒருநாள் கூடத் தப்பியதில்லை. நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியே வைத்திருந்தேன்.

டிவியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் காலையில் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் வாசலில் நின்று அத்தையிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே வந்த அத்தை அப்பாவிடம் மெதுவாக, "இது நிக்காதுடா" என்றாள். பதினைந்து நாள்தான். பால்காரர் போய்விட்டார்.

அன்றைக்கு அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. "எங்க நாத்தனாருக்குக் கருநாக்கு. வாயத் தொறந்து சொல்லிட்டா அப்பிடியே நடந்து பூடுது. மாதாவே, என் வூட்டு ஆளுங்களப் பாத்து ஒண்ணும் சொல்லிடக் கூடாது." எங்கள் வீட்டில் தினமும் செபமாலை சொல்வோம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவோம். கருநாக்கை மட்டும் மாதா படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து நம்புவோம்.

நாக்கைப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரவு டூட்டி முடித்து வந்தால் அத்தை பகலில் தூங்குவாள். ஜன்னலுக்குக் கறுப்புச் சேலையைக் கட்டிவிடுவாள். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், உள்ளே கும்மிருட்டு. நான் கதவை ஒரு கோடு அளவு திறந்து, கட்டிலருகே முட்டி போட்டேன். அத்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கதவிடுக்கு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. நாக்கின் இடது ஓரத்தில், மிளகு அளவுக்கு, கறுப்பாக ஒரு புள்ளி.

அந்த நேரம் பார்த்து அத்தை கண்ணைத் திறந்தாள். எழுந்திருக்கவில்லை, அதட்டவில்லை. என்னை அப்படியே பார்த்தாள். "இன்னா பாக்கற?" என்றாள். நான் ஒரே ஓட்டமாக ஓடி, கரும்புத் தோட்டத்து வாய்க்கால் வரைக்கும் போய்தான் நின்றேன்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. கரும்பு டிராக்டர் ஓட்டுபவர். மலையடிவாரத்தில் வெட்டுகிற கரும்பை ஆலைக்கு ஏற்றிப் போவார். கல்வராயன் மலைக்குப் போனால் எனக்கு நெல்லிக்காயோ சீத்தாப்பழமோ இல்லாமல் திரும்ப மாட்டார். உலகத்தில் எனக்கு அவரைவிடப் பிரியமான ஆள் கிடையாது, அப்பாவே இதை ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நாடகத்தின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். வெள்ளிதோறும் மாதா கோயிலில் சிலுவைப்பாதை உண்டு, குடும்பத்தோடு போக வேண்டும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன். சேசு சிலுவையோடு மூன்று முறை விழுவதை வருடா வருடம் பார்க்கலாம், முந்தின நாள் நாடகத்தில் கத்திக்குத்துப் பட்டு விழுந்த டாக்டர் பிழைப்பாரா என்பதை அன்றைக்கு மட்டும்தான் பார்க்க முடியும் என்பது என் நியாயம்.

எங்கள் ஊரில் மேற்கே மலை. ஐந்தரைக்கே அதன் நிழல் தெருவை மூடிவிடும். ஆறு மணி தாண்டி இருட்டத் தொடங்கியபோது மாமாவின் டிராக்டர் வாசலில் வந்து நின்றது. உள்ளே வந்து உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்டார். மாசி மாதக் குளிரில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு நனைந்திருந்தது.

"நெஞ்செல்லாம் எரியுதுக்கா. இந்தத் தோளு வேற இழுக்குது. வாயுன்னு நெனக்கிறேன்" என்றார்.

கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா, "அண்ணி வர்ற நேரந்தான்டா. இருந்து ஒரு வாட்டி காட்டிட்டுப் போ. கெளம்பிடாத" என்றாள். என்னிடம், "மாமாவப் புடிச்சு உக்கார வையி" என்று சொல்லிவிட்டு அப்பாவோடு போய்விட்டாள்.

நான் வாசலுக்கு ஓடி, பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் வரும். அத்தை உள்ளே வருவாள். மாமாவை ஒரு பார்வை பார்ப்பாள். பார்த்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால்? சொல்லாமல் இருக்க வேண்டுமானால் பார்க்காமல் இருக்க வேண்டும். பத்து வயது மூளைக்கு இதைவிடத் தெளிவான கணக்கு எதுவும் இல்லை.

"மாமா, அத்தை போன் பண்ணுச்சு. இன்னிக்கு டபுள் டூட்டியாம். காலைலதான் வரும்."

"அப்பிடியா?" மாமா தோளை அமுக்கிவிட்டுக்கொண்டார். "சரி கண்ணு. படுத்து எழுந்தா சரியாப் பூடும்." எழுந்து, சட்டைப் பையிலிருந்து நாலு நெல்லிக்காயை எடுத்து என் கையில் வைத்தார். அவர் விரல்கள் ஈரமாக, சில்லென்று இருந்தன. வாசல்படி இறங்கும்போது ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டிராக்டர் தெருமுனை திரும்பும்போதுதான் அத்தை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். இருட்டில் மாமாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

"யாரு அது? ஒரு பக்கமா சாஞ்சிக்கினு போறது?"

"தெரியலத்தை. யாரோ வழி கேட்டாங்க."

அத்தை ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். டிராக்டர் சத்தம் தேய்ந்து தேய்ந்து, மாமா வீடு இருக்கிற அணைப் பக்கம் போனது. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து வழிய, ஒருவன் நடந்து வந்தான். நான் நெல்லிக்காயைக் கடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தேன்.

"இவன் பொழைச்சிக்குவான்" என்றாள் அத்தை. "நேரத்துக்கு வந்துட்டான் பாரு."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கருநாக்கை ஏமாற்றிவிட்டேன். அத்தை சாப்பிட்டு, காலை முதல் டூட்டி என்று சீக்கிரமே படுத்துவிட்டாள். எட்டு மணிக்குத் திரும்பி வந்த அம்மா, செருப்பைக் கழற்றும்போதே, "தம்பிய அண்ணி பாத்தாங்களா?" என்று கேட்டாள். மறுபடி அவரை வரவழைத்துவிடுவாளே என்ற பயம் எனக்கு.

"பாத்துச்சும்மா. வாயுதான், ஒண்ணுமில்லன்னு சொல்லிச்சு."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மாமாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எடுப்பதில்லை.

விடியற்காலை ஆள் வந்தது. அத்தை அதற்குள் டூட்டிக்குப் போயிருந்தாள். அணைக்குப் போகிற ரோட்டில், மாமா வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, கியரை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் தலை சாய்த்திருந்தாராம். கரும்பு வண்டிக்காரர்கள் அப்படி நிறுத்தித் தூங்குவது சகஜம் என்பதால் ராத்திரி யாரும் நிற்கவில்லை. "எஞ்சினு ஓடிக்கினே கீது, லைட்டு எரிஞ்சிக்கினு கீது. கிட்டப் போயி தொட்டாதான் தெரியுது" என்றார் வந்தவர். அந்த எஞ்சின் சத்தம் வருடக்கணக்காக என் தூக்கத்தில் ஓடியது. யாரும் அதை அணைக்க மாட்டார்கள்.

அத்தை சேதி கேட்டு, டூட்டி உடுப்போடே மாமாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மா பிணத்தருகிலிருந்து எழுந்து அவள் மேல் பாய்ந்தாள். "பாத்தியே! பாத்துட்டு வாயுன்னு சொல்லி அனுப்பினியே! நீயெல்லாம் ஒரு நர்சா?"

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை, தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கிற அதே பார்வை. இதோ, 'இது நிக்காது' என்று சொல்லப்போகிறாள் என்று நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"ஆமா, பாத்தேன்" என்றாள் அத்தை. "வாயுன்னுதான் நெனச்சேன். தப்புப் பண்ணிட்டேன், என்ன மன்னிச்சுடு."

ஐயோ, அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? முந்தின நாள் இருட்டில் மாமாவின் முதுகைப் பார்த்தாளே, அதைத்தான் ஒத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். முதுகைப் பார்த்ததே போதும் போலிருக்கிறது, மனசுக்குள் சொன்னாலே பலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்தது நான்தான் என்று ஒரு மாதம் சாவுக்குக் காத்திருந்தேன். அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். அத்தை கள்ளக்குறிச்சியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனபோது, சீக்கிரம் போகட்டும் என்று நானே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் ஓடினேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது, அத்தையோடு வேலை பார்த்த ஒரு நர்ஸம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த நாடகத்தைச் சேனலில் காலையிலேயே ஒரு தரம் போட்டுவிடுவார்களாம். ஆஸ்பத்திரிக் கூடத்து டிவியில் அத்தை பார்த்துவிடுவாளாம், அன்றைக்கு முடியாவிட்டால் கதையைக் கேட்டாவது தெரிந்துகொள்வாளாம். "எங்க வூட்டுல ஒரு வாலு கீது, அத மெரட்டணும்" என்பாளாம். பால்காரர் விஷயத்தையும் அவரே சொன்னார். வீங்கியிருந்த கால்களைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி அத்தை அவர் வீட்டுக்கே இரண்டு முறை போய்க் கெஞ்சியிருக்கிறாள்.

அந்த வாரமே அவள் அறைக்குப் போனேன். டிவியில் ஏதோ ஆஸ்பத்திரி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. "அத்தை, அன்னிக்கு மாமாவ நான்தான்..." என்று ஆரம்பித்தேன். "உஸ், சீரியலப் பாக்க வுடு" என்றாள். ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "இது நிக்குமா அத்தை?" என்று கேட்டேன். "எனக்கு இன்னாடி தெரியும்" என்று பூண்டை உரித்தாள்.

அம்மாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. அவசரப் பிரிவில் ஒரே சமயத்தில் பல பேரைக் கொண்டுவந்து போட்டால், யாரை இன்னும் காப்பாற்ற முடியுமோ அவரிடம்தான் நர்ஸ் முதலில் போவாளாம். அன்றைக்கு அந்தச் சாவு வீட்டில் அத்தை தேடிப் பிடித்தது அப்படி ஓர் ஆளைத்தான் என்று, கண்ணை மூடிக்கொண்டு நின்ற எனக்குத் தெரியவில்லை.