முன்சீட் கிளப்பைத் தொடங்கிய எங்கள் அக்கா

அக்கா கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. நன்றி ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் தந்தார்கள். அவர் ஓட்டிய வண்டியின் பின்சீட்டில் என்னைவிட அதிக தூரம் போனவர் யாருமில்லை; அதற்கு மேல் எனக்கு வேறு தகுதி கிடையாது.

அக்கா பெங்களூரு ஒக்கலிபுரத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வே யார்டில் வேலை. இரவும் பகலும் ரயில் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் வீட்டில் எல்லோருமே உரக்கப் பேசுவோம். காக்ஸ் டவுனுக்கு வீடு மாறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டார் முதலில் நாங்கள் தினமும் சண்டை போடுவதாக நினைத்தார்களாம். அம்மா சீக்கிரமே காலமாகிவிட, நர்ஸிங் படித்து முடித்த கையோடு வீட்டுப் பொறுப்பும் அக்கா தலையில் விழுந்தது. வரன்கள் வந்தன. வந்தவர்கள், "அப்பாவையும் தம்பியையும் எங்க விடுவீங்க?" என்று கேட்டார்கள். "விடறதுக்கு அவங்க என்ன பூனைக்குட்டியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் அக்கா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் வளரவிடவில்லை.

அப்பாவிடம் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. ஓய்வு பெற்ற சில மாதங்களில் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து அவருக்கு முழங்கால் முறிந்தது. எலும்பு கூடிய பிறகு பிசியோதெரபிக்குப் போய்வர வேண்டியிருந்தது. ஆண்பிள்ளை என்பதால் வண்டி ஓட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. சர்ச் மைதானத்தில் ஓட்டிப் பழகப் போன முதல் நாளே காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டினேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்தபோது, அக்கா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு நின்றார்.

"சாவிய குடு."

"உனக்கு ஓட்டத் தெரியாதேக்கா?"

"உனக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

அடுத்த வாரம் முதல் அக்கா ஓட்ட, அப்பா பின்னால் உட்கார்ந்து போனார். தெருமுனை திரும்பும்வரை அப்பாவின் குரல் கேட்கும்: "கியர மாத்தும்மா, கியர மாத்து!" அதைவிட உரக்க அக்காவின் குரல் கேட்கும்: "பின்னாடி உட்கார்ந்தா சும்மா உட்காருங்கப்பா!"

அப்பா குணமான பிறகும் வண்டி அக்காவிடமே இருந்தது. மருத்துவமனையில் அவருக்குக் காலை ஷிப்ட். விடியும் முன்பே கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் பஸ் வருவது நிச்சயமில்லை. அதே வார்டில் ஆயா வேலை பார்த்த சரோஜா, பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்து நடந்தே வருவதைப் பார்த்து, அக்கா அவரை ஏற்றிக்கொண்டார். சில மாதங்கள் போன பின் சரோஜா சொன்னார்: "எவ்ளோ நாளைக்கு சிஸ்டர் உங்க முதுகையே பார்த்துக்கிட்டு வர்றது? எனக்கும் ரோடு பார்க்கணும்னு இருக்குது."

அதுதான் தொடக்கம். ஞாயிறு காலைகளில் அதே சர்ச் மைதானத்தில் சரோஜா பழகினார். பிறகு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த மும்தாஜ் வந்தார். மும்தாஜைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். பழகியவர்கள் வீட்டு வண்டியையோ தவணையில் வாங்கிய வண்டியையோ கொண்டுவரத் தொடங்கினார்கள். பழகி முடித்ததும் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் டீ குடித்துவிட்டு, ஆராதனை தொடங்கும் முன் திரும்பிவிடுவார்கள். அக்கா ஹெல்மெட்டோடு சபைக்குள் நுழைந்து அதை பெஞ்சுக்கு அடியில் வைப்பார். சிலர் முகம் சுளித்தபோது அன்றைய போதகர், "தலையைக் காப்பாற்றிக்கொண்டு கோயிலுக்கு வருவதில் என்ன தவறு?" என்று பிரசங்கத்துக்கு நடுவிலேயே கேட்டுவிட்டார்.

கிளப் என்ற பெயர் டீக்கடையில் பிறந்தது. "வாராவாரம் வர்றீங்களே, இது என்ன சங்கம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். சரோஜாதான் சொன்னார்: "பொறந்ததுலேர்ந்து பின்சீட்லயே போனோம். இப்பதான் முன்னாடி வந்திருக்கறோம். முன்சீட் கிளப்புன்னு எழுதிக்கோங்கண்ணா." மகளிர் மோட்டார் சைக்கிள் கிளப்பில் ஒரே ஆணாக, அதுவும் பின்சீட்டில் உட்கார்ந்தவனாக, நானும் உடன் இருந்தேன். பஞ்சர் ஒட்டும் சாமான், மழைக்கோட்டு, பிஸ்கட் எல்லாம் என் மடியில் இருக்கும்.

கிளப் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த வேளையில் அந்த விபத்து நடந்தது. மழை விட்ட ஒரு காலையில், சாலைத் திருப்பத்தில் கொட்டிக் கிடந்த மணலில் மும்தாஜின் வண்டி சறுக்கியது. அவர் வேகமாகப் போகவில்லை. ஆனாலும் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்த வாரமே ஒவ்வொரு வீட்டிலும் சாவிகள் பீரோவுக்குள் போயின. சரோஜாவின் கணவரும், "போதும்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு மைதானத்தில் அக்காவும் நானும் மட்டும் நின்றோம். வண்டியைக் கிளப்பாமல் அக்கா அதன்மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"நான்தானேடா அவங்கள வண்டில ஏத்தினேன்."

அன்று மாலை மும்தாஜைப் பார்க்கப் போனோம். கட்டுப் போட்ட தோளோடு அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருடைய மாமியார் எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நக்கோ மா, வேணாம். இந்த கிளப்பு எல்லாம் நக்கோ. ரெண்டு பசங்க இருக்கறாங்க. அவங்களுக்கு அம்மா வேணும், புரியுதா?"

"புரியுதும்மா. நீங்க பயப்படறது நியாயம்தான்." அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "ஒரே ஒரு நாள் எங்ககூட வாங்க. என் பின்னாடி உட்காருங்க. எப்படிப் போறோம்னு பாருங்க. பிடிக்கலைன்னா இந்த வீட்டுப் பக்கமே வந்து கூப்பிட மாட்டேன்" என்றார்.

"நானா? வண்டிலயா?" மூதாட்டி சிரித்துவிட்டார். பிறகு, "எங்க போவீங்க?" என்று கேட்டார்.

"ஹொஸ்கோட்டே. காலைல சுடச்சுட பிரியாணி."

"பிரியாணியா?" என்று அவர் கேட்ட விதத்தில், கட்டிலில் இருந்த மும்தாஜ் வலியையும் மறந்து சிரித்தார்.

அந்த வாரம் முழுவதும் அக்கா வீடு வீடாகப் போனார். எந்த வீட்டில் யார் தடுக்கிறாரோ அவரையே பின்சீட்டுக்கு அழைத்தார். ஞாயிறு காலை மைதானத்தில் நான் கண்ட காட்சியை மறக்க முடியாது. மாமியார்கள், கணவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு தகப்பனார் என்று எல்லோரும் ஹெல்மெட்டைத் தலையில் எப்படி மாட்டுவது என்று விழித்துக்கொண்டு நின்றார்கள். மும்தாஜின் மாமியார் என் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், மும்தாஜை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் பின்தொடர்ந்தேன். கிருஷ்ணராஜபுரம் வரை அந்த அம்மாள் இரண்டு கைகளாலும் அக்காவின் தோளை இறுக்கியிருந்தார். அதற்கு அப்பால் ஒரு கை தளர்ந்தது. பிறகு பார்த்தால், பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு போனார்.

ஹொஸ்கோட்டேயில் தட்டைக் காலி செய்துவிட்டு மருமகளிடம் கேட்டார்: "மும்தாஜ், இந்த எலும்பு எப்ப சரியாவும்?"

"இன்னும் ஒரு மாசம் ஆகும் மா."

"ஆனதும் நீ ஓட்டு. நான் பின்னாடி உட்கார்ந்து பார்க்கறேன். மணல் இருந்தா நான் சொல்றேன்."

சரோஜாவின் கணவர் யாரும் கேட்காமலேயே ஒப்புக்கொண்டார்: "லாரிக்காரன் ஹாரன் அடிச்சப்ப கண்ண மூடிக்கிட்டது நான்தான். இவ ஓரமா ஒதுங்கி வழி விட்டுட்டா."

சாவிகள் பீரோவிலிருந்து வெளியே வந்தன. அதற்குப் பிறகு கிளப்பில் சேரும் ஒவ்வொருவரும் முதல் பயணத்தில் வீட்டிலிருந்து ஒருவரைப் பின்னால் ஏற்றிவர வேண்டும் என்று அக்கா ஏற்பாடு செய்தார். அடிபட்டவரை எப்படித் தூக்குவது, ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று தாமே வகுப்பும் எடுத்தார். மகனுடைய வேலைக்காக சரோஜா ஹெப்பகோடிக்குக் குடிபோனபோது கிளப்பும் கூடவே போனது. அங்கே தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் அவரிடம் பழகினார்கள். வேலூர், சேலத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பெண்களும் சேர்ந்தார்கள். இன்று கிளப் கூட்டத்தில் தமிழ், கன்னடம், உருது எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும். என் மனைவியும் உறுப்பினராகிவிட்டதால் எனக்குப் பின்சீட்டுப் பஞ்சம் வந்ததில்லை.

சென்ற ஆண்டு அக்காவை நோய் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னார். யார் பார்க்க வந்தாலும் வண்டிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். "மும்தாஜ் வர்றா. செயின் லூசா இருக்குது, போய் சொல்லுடா." நானும் போய்ச் சொல்வேன். மும்தாஜ் அழுகையை அடக்கிக்கொண்டு வாசலிலேயே குனிந்து செயினைப் பார்ப்பார். அழுத முகத்தோடு உள்ளே வந்தால் அக்கா திருப்பி அனுப்பிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு விடியற்காலையில், காபி கேட்டுவிட்டு, அது வருவதற்குள் கண்ணை மூடினார். வலியின்றிப் போனார் என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதல். வீடு மட்டும் இன்னும் அந்த அமைதிக்குப் பழகவில்லை.

அக்காவைத் தங்கள் வார்டிலேயே வைத்து உடன்பிறந்தவராகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த தெருவாருக்கும், ஜெபத்தோடு துணைநின்ற சபையாருக்கும், தலைவாரி, நகம் வெட்டி, கடைசிவரை அவரைச் சிரிக்கவைத்த கிளப் சகோதரிகளுக்கும், நாத்தனார் என்று பாராமல் தாயாகப் பேணிய என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். வெளியூர் உறவினர்கள் திகைக்க வேண்டாம். எல்லாம் நம் வீட்டு வண்டிகள்தான். ஸ்டேஷனுக்கோ பஸ் நிலையத்துக்கோ போக வேண்டியவர்கள் ஆட்டோ தேட வேண்டாம். ஹெல்மெட்டுகள் கூடுதலாகவே வந்திருக்கின்றன.

அன்புத் தம்பி
காக்ஸ் டவுன், பெங்களூரு