எல்லாரும் வீட்டில் இருக்கிற பாட்டு

என் கிட்டார் வாசிப்பைப் பற்றி என் மனைவி லூர்து ஒரு வார்த்தை சொன்னாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

விஷயம் இதுதான். நான் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் ஈயச் சுரங்கத்தில் ஓர் அமெரிக்க எஞ்சினியர் இருந்தார். ஊர் திரும்பும்போது ஓர் இசைத்தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் நாட்டுக் கறுப்பர் ஒருவர் கிட்டார் வாசித்துப் பாடுகிற தட்டு. 'ப்ளூஸ்' என்று பெயராம். கிராமபோனில் போட்டுப் போட்டு, மூன்றே மாதத்தில் ஒரு ஸ்வரம் பிசகாமல் பிடித்துவிட்டேன். எங்கள் ஈப்போ ஊரில் இத்தனை வேகமாக விரல் ஓடுகிறவன் வேறு யார்... என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு.

லூர்துவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தட்டுல அந்த ஆளு யாரையோ காணோம்னு தேடுறாரு. நீங்க வாசிச்சா எல்லாரும் வீட்டுலயே இருக்காங்க."

"நான் யாரைத் தேடணுங்கிற?"

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தெரியாதா என்ன? என் தம்பி சூசை. கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. அங்கே பால்மரம் சீவிப் பாலெடுக்கிற கூலிக்காரி லெட்சுமியை இரண்டு வருஷத்துக்கு முன் கட்டிக்கொண்டான். நம் வீட்டுக்கு இப்படி ஒரு மருமகளா என்று நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. பிள்ளை பிறந்தபோதும் போகவில்லை. போன மாதம் அந்தப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது... அதற்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினேன். கிட்டாரையும் எடுத்துக்கொண்டேன் — வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது.

சூசை வாசலில் நின்றான். இளைத்திருந்தான். "வாங்கண்ணே" என்றான். என்ன சொல்வதென்று தெரியாமல் உள்ளே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். விரல்கள் வழக்கம்போல ஓடின. கண் மட்டும் உத்தரத்துக்குப் போனது. தூளிக் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. சேலை மட்டும் இல்லை.

விரல் தடுமாறியது. பாட்டு மறந்துபோனது. ஒரே தந்தியை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து... அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

லெட்சுமி அடுப்படியிலிருந்து வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"புள்ள போனதுலேருந்து இவ அழவே இல்லண்ணே" என்றான் சூசை மெதுவாக.

"பேரு என்னம்மா வச்சீங்க?" என்று கேட்டேன். அவளோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"உங்க அப்பா பேருதான் மாமா. அதத்தான் வைக்கணும்னு இவரு ஒத்தக் கால்ல நின்னாரு."

கிட்டாரைக் கீழே வைத்தேன். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் நான் வாசிக்கவில்லை. மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஒரு பாட்டைத் தப்பில்லாமல் வாசிக்க எனக்கு மூன்று மாதம் போதுமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்ளத்தான் இரண்டு வருஷம் ஆனது.

சூசை ஸ்டேஷன் வரை வந்தான். ரயில் நகரும்போது சொன்னான்:

"அடுத்த வாரம் அண்ணியையும் கூட்டிட்டு வாங்கண்ணே. கிட்டார் இல்லாட்டியும் பரவால்ல."