பம்பரம் கட்டிய ஸ்பீக்கர்

என் மாமா காரிமங்கலம் சுற்றுவட்டாரத்தில் மைக் செட் கட்டுகிறவர். அவர் இல்லாமல் எங்கள் ஊரில் யாருக்கும் காது குத்த முடியாது. ஒருமுறை பெங்களூரிலிருந்து கீச்சொலிக்கென்றே அலுமினியக் குமிழ் வைத்த சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர் ஒன்று வாங்கிவந்து, தானே பெட்டி அடித்து அதில் பொருத்தினார். மாதா கோயில் திருவிழாவில் அத்தை பாடுவது அதில்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அத்தை என் அப்பாவின் தங்கை, மாமாவின் மனைவி.

வீட்டில் ஒத்திகை நடந்தது. பாட்டில் ‘ச’ வந்த இடமெல்லாம் தட்டில் ஆணி கீறுவதுபோல் காதைக் கிழித்தது. கூடப் பாட வந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமா பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“பொட்டியில ஒரு கொறையும் இல்ல. உன் தொண்டையிலதான் தகரம். திருவிழாவுக்கு கடையில விக்கிற பாட்டு கேசட்டே போட்டுக்கலாம்.”

அத்தை பாட்டு நோட்டை மூடிவைத்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படியில் அவள் பாடிக் கேட்டு வளர்ந்தவள் நான், அங்கே எந்தத் தகரமும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கோணல் கூடம் ஆடுகிறவளைக் குறை சொன்னது.

பெண்பிள்ளை ஒயரைத் தொடக்கூடாது என்பது மாமாவின் சட்டம். அவர் மொரப்பூர் கல்யாணத்துக்குப் போன அன்றே தொட்டேன். ஒத்திகையின்போது அத்தை பாடியதைப் பதிந்துவைத்த கேசட்டை ஓடவிட்டு, குமிழுக்கு முன்னால் கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்துப் பார்த்தேன். சோடா மூடி கீறலைக் கூட்டியது. பூண்டுப் பல் எதுவும் செய்யவில்லை. கடைசியில் தம்பியின் பம்பரத்தில் ஆணியைப் பிடுங்கிவிட்டு, அதன் மொண்ணைத் தலை குமிழைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி செம்புக் கம்பியால் கட்டினேன். அத்தையின் குரல் அடுப்படியில் கேட்டபடியே வந்தது. குமிழின் நடுவிலும் ஓரத்திலும் கிளம்பும் ஒலிகள் முட்டிக்கொள்ளாமல் வழிவிடும் இந்தக் கட்டைக்கு ஃபேஸ் பிளக் என்று பெயர் இருப்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அத்தையைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் முகத்துணியைத் தானே இழுத்து மூடினாள்.

திருவிழா அன்று மாமா கேசட்டோடு வருவதற்குள் அத்தை மைக்கின் முன்னால் போய் நின்று பாடத் தொடங்கிவிட்டாள். குரல் இழைந்து வந்தது. மாமாவுக்குச் சந்தேகம். துணியை விலக்கினார், பம்பரத்தைக் கண்டார், பிய்த்து எடுத்தார். மறுகணமே பழைய கீறல். கோயிலே திரும்பிப் பெட்டியைப் பார்த்தது.

“இப்ப சொல்லுங்க மாமா, தகரம் எங்க இருக்குது?” என்று சத்தமாகவே கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். கிள்ளட்டும் என்றிருந்தேன்.

மாமா முகம் கறுத்துக் குனிந்து, பம்பரத்தை மறுபடி கட்டப் பார்த்தார்.

“வேணாங்க, உட்ருங்க” என்றாள் அத்தை. மைக்கை அணைத்துக் கீழே வைத்தாள். தொண்டையைத் திறந்து பாடினாள். கடைசி வரிசை வரை கேட்டது.

எனக்கு ஆத்திரம் தாளவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்து கொடுத்ததை ஒரு சொல்லில் தள்ளிவிட்டாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. தன் குரலைக் கூட்டவும் குறைக்கவும் அவருடைய கை இனி வேண்டாம் என்று அன்று அவள் முடிவு செய்துவிட்டாள். அது எனக்குப் புரிய எனக்கும் ஒரு கல்யாணம் ஆகவேண்டியிருந்தது.