வண்டி ஏறியது, உருளைக்கிழங்கு ஏறவில்லை

போன சனிக்கிழமை பதினைந்து கிலோ உருளைக்கிழங்கை முதுகில் சுமந்துகொண்டு ஜெர்மனியின் அல்கோய் பக்கத்து மலையொன்றில் மூன்று கிலோமீட்டர் ஏறினேன். பனிக்காலம். கால் வழுக்குகிற பாதை. வயது ஐம்பத்து நான்கு.

வேண்டுதலா என்று கேட்காதீர்கள். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

குகன் அண்ணையை உங்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எனக்குப் பக்கத்து வளவு. இங்கே அவரும் மனைவி வசந்தி அக்காவும் மலைமேலே ஒரு சின்னச் சாப்பாட்டுக் குடிலைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். அண்ணை சாமான் ஏற்றுவார், மேசை துடைப்பார், விருந்தாளிகளோடு கதைப்பார். அக்கா சமைப்பார். அதாவது, குடிலை நடத்துவது அக்கா. அவருடைய பருப்பு சூப்புக்காகவே மூச்சிரைக்க மலை ஏறி வருகிற ஜெர்மன்காரர்கள் இருக்கிறார்கள்.

கார் அந்த மலைக்குப் போகாது. பனிக்காலத்தில் சாமான் ஏற்றுவதற்கென்று ஒரு ஸ்னோமொபைல், பனியில் ஓடுகிற மோட்டார் வண்டி, வைத்திருக்கிறார்கள். பழசு. எருமை மாதிரி அசைந்து அசைந்து போகும். ஆனால் பின்னால் ஒரு கொக்கி. அதில் சறுக்குவண்டியை மாட்டிவிட்டால் காஸ் சிலிண்டர், பியர்ப் பெட்டி, வெங்காய மூட்டை எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் இழுத்துக்கொண்டு போகும்.

இந்த நாட்டில் ஸ்னோமொபைலை நினைத்த இடத்தில் ஓட்ட முடியாது. எதற்கும் ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுத வேண்டும். அண்ணைக்குக் கிடைத்த அனுமதியில் தெளிவாகவே இருக்கிறது: குடிலுக்குச் சாமான் கொண்டுபோக மட்டும், இந்த ஒரு பாதையில் மட்டும்.

பிறகு எங்கே வந்தது சிக்கல்? வேறெங்கே... கனடாவிலிருந்துதான்.

அக்காவின் தம்பி ரவி டொரொண்டோவில் இருக்கிறார். அண்ணைக்கு மச்சான். அவர் ஒரு வீடியோ அனுப்பினார். செங்குத்தான வெள்ளைச் சரிவில் ஸ்னோமொபைல் ஒன்று பாய்ந்து ஏறுகிறது. உச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ரவி சிரிக்கிறார். கீழே ஒரு வரி: "அத்தான், உங்கட மெசின் இன்னும் மரக்கறிதான் இழுக்குதோ?"

அவ்வளவுதான். அண்ணைக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீடு வைத்து ஹெலிகொப்டர் இறக்குவோம். பிள்ளைக்குப் பசிக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டோம், லண்டன் சித்தப்பா பார்த்துவிட்டாரா என்றுதான் கேட்போம். வாகனம் என்பது ஓரிடத்துக்குப் போவதற்கு என்று நினைத்திருந்தீர்களா? இல்லை. ஒரு மச்சான் பார்ப்பதற்கு.

அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, ஒரு கிழமை லீவு போட்டுட்டு வாரும். மெசினை மலைக்கு ஏத்தமாதிரி மாத்தப்போறன். நீர் இஞ்சினியர்தானே?"

நான் எர்லாங்கனில் எக்ஸ்ரே இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஸ்பானரைப் பிடித்தது கடைசியாக ஒரு கட்டில் பூட்டியபோது. ஆனால் "இஞ்சினியர்தானே" என்று ஒருவர் கேட்டால், எந்தத் தமிழன் இல்லை என்று சொல்லியிருக்கிறான்? போனேன்.

அடிவாரத்துக் கராஜில் வேலை தொடங்கியது. ஆழமான பனியில் ஏற வேண்டுமென்றால் அடியில் சுற்றுகிற ரப்பர்ப் பட்டிக்கு நீளமான பற்கள் வேண்டுமாம். மாற்றினோம். நின்றுகொண்டு ஓட்டுவதற்குக் கைபிடியை உயர்த்தினோம். கிளட்சுக்குள் இருக்கும் சின்ன எடைகளை மாற்றினோம். எல்லாம் யூடியூப் பார்த்துத்தான். அதில் தாடி வைத்த ஒருவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: எடையைக் குறை... எடையைக் குறை.

குறைத்தோம். பின் சீட் போனது. சாமான் தட்டு போனது. பின்னால் பனி தெறிக்காமல் தொங்கிக்கொண்டிருந்த ரப்பர்த் திரை போனது. தொண்ணூற்றெட்டு கிலோ குகன் அண்ணை, ஒவ்வொரு ஆணியையும் சமையல் தராசில் வைத்து நிறுத்து, கிராம் கணக்கு எழுதினார். தராசில் ஏறாத பாரம் ஒன்று பக்கத்திலேயே நிற்கிறது என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசியாக அந்தக் கொக்கி. நாலு போல்ட். ஏழு கிலோ இரும்பு.

"உது என்னத்துக்கு?" என்றார் அண்ணை.

"தேவையில்லை" என்றேன் நான். சொன்னது நான். கழற்றியதும் நான்.

அதோடு விட்டேனா? இருபத்தைந்து வருட ஜெர்மன் வாழ்க்கை சும்மா விடுமா? வியாழக்கிழமையே கழற்றிய இரும்பையெல்லாம் ஊரின் பழைய பொருள் சேகரிக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோய், சரியான கொள்கலனில், ரப்பர் வேறு, இரும்பு வேறு என்று பிரித்துப் போட்டேன். அங்கே நின்றவர் என்னைப் பாராட்டினார். பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி. அண்ணை ஹெல்மெட் போட்டார். கராஜுக்குப் பக்கத்துச் சரிவு நேரே குடிலுக்கு ஏறுகிறது. அது அனுமதியில் இல்லாத வழி. "குடிலுக்குத்தானே போறன்" என்று சட்டத்துக்கு ஒரு விளக்கம் சொன்னார். நான் ஒரு கையில் அண்ணையின் போனால் படம் பிடித்துக்கொண்டு, மறுகையில் ரவிக்கு வீடியோ அழைப்புப் போட்டுக்கொண்டே கீழே நின்றேன்.

ஏறியது ஐயா அது! இரண்டு பக்கமும் பனி பீறிட, அண்ணை எழுந்து நின்று ஓட்ட, வண்டி ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்தது.

ரவி மட்டும் போனை எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? டொரொண்டோவில் அப்போது விடிகாலை நான்கு மணி. இரண்டு புத்திசாலிகளில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. பிடித்த வீடியோவை அண்ணையின் போனிலிருந்தே அனுப்பிவைத்தேன்.

அண்ணை வெற்றியோடு இறங்கி வந்தபோது, வசந்தி அக்காவின் வான் வந்து நின்றது. உள்ளே இரண்டு காஸ் சிலிண்டர், இறைச்சி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, பியர்.

"கெதியா சறுக்குவண்டியைக் கொழுவுங்கோ. மேலை காஸ் முடிஞ்சு போச்சு. ஒரு மணிக்கு வருகினம்."

வருவது யார் என்று சொல்லவில்லையே. ஃப்ராவ் லெக்னர், குடிலின் சொந்தக்காரி. குத்தகை இந்த வசந்தத்தோடு முடிகிறது. நீட்டுவதா, வேறு ஆளுக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்யத்தான் தன் ஆட்கள் பத்துப் பேரோடு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். எங்கள் இரண்டு பேருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டுதான் கிராம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அக்கா வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"எங்கை கொழுவி?"

நாங்கள் இருவரும் மலையைப் பார்த்தோம்.

"இஞ்சேருங்கோ, உங்களைத்தான். எங்கை?"

"பாரமெண்டு கழட்டினது..." என்றார் அண்ணை.

"உங்களுக்கென்ன விசரே? ஏழு வருசம் அந்தக் குசினிக்கை நிண்டு நாரி முறிஞ்சது எனக்கு. இண்டைக்குச் சோறு இல்லையெண்டால் அந்த மனிசி எங்களை வைச்சிருப்பாவோ?"

அக்கா இரண்டு கையாலும் நாரியை, அந்த நொந்த இடுப்பை, பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வானை எடுத்துக்கொண்டு சேகரிப்பு நிலையத்துக்குப் பறந்தேன். கொக்கி கொள்கலனில் எல்லாவற்றுக்கும் மேலே, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. என்னைப் பாராட்டிய அதே மனிதர் குறுக்கே நின்றார். போட்டது போட்டதுதான், உள்ளே விழுந்த பிறகு அது ஊருக்குச் சொந்தம், எடுத்தால் திருட்டு என்றார். கெஞ்சினேன். ஒழுங்காகப் பிரித்துப் போட்டதற்கு மறுபடியும் பாராட்டினார்.

திரும்பி வந்து கயிற்றால் கட்டி இழுத்துப் பார்த்தோம். பின் திரையைத்தான் கழற்றிவிட்டோமே... புதிய பற்கள் தோண்டிய பனி முழுக்கச் சாமானின் மேல் கொட்டியது. இருபது மீட்டரில் அண்ணை பிரேக் பிடித்தார். கயிற்றுக்குப் பிரேக் தெரியுமா? சறுக்குவண்டி ஓடிவந்து முட்டிக் கவிழ்ந்தது. நல்லவேளை, சிலிண்டர்களை அக்கா அதில் ஏற்றவிடவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் பனியில் ஓடி விளையாடியது.

"நான் மேலை போய் ஆரையாவது..." என்று அண்ணை தொடங்கினார்.

"அந்த மெசினிலை பின் சீட்டும் இல்லை, தட்டும் இல்லை, நீங்கள் மட்டும்தான் ஏறலாம். எனக்கு மேலை நீங்கள் தேவையில்லை, காஸ்தான் தேவை. தூக்குங்கோ!"

தூக்கினோம். அண்ணையின் தோளில் சிலிண்டர். அக்காவின் இரண்டு கையிலும் இறைச்சிப் பை. என் முதுகில் நீங்கள் முதல் வரியில் பார்த்த உருளைக்கிழங்கு.

பாதி வழியில் பின்னாலிருந்து பேச்சுச் சத்தம். திரும்பினால் ஃப்ராவ் லெக்னர். பின்னால் பத்துப் பேர். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். வண்டி எங்கே என்று கேட்டார். வசந்தி அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. பிழையில்லாத ஜெர்மனில், மச்சானிலிருந்து கொள்கலன் வரை சொன்னார். இவர்கள் இரண்டு பேரும் மடையர்கள் என்று கையால் காட்டியும் சொன்னார். ஃப்ராவ் லெக்னர் சிரிக்கவில்லை. அக்காவின் ஒரு பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு பத்துப் பேரையும் திரும்பிப் பார்த்தார். ஆறு பேர் கீழே இறங்கி மற்றச் சிலிண்டரையும் பியரையும் எடுத்து வந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம், இது ஒவ்வொரு சனிக்கிழமையும் உண்டா, முன்பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டார்.

ஒரு மணிச் சாப்பாடு இரண்டரைக்குத்தான் மேசைக்கு வந்தது. சுமந்து ஏறியவர்களின் பசிக்கு முன்னால் அந்தப் பருப்பு சூப் அமிர்தமாக இருந்திருக்க வேண்டும். கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

அப்போது அண்ணையின் போன் அடித்தது. ரவி அனுப்பிய செய்தி: "வீடியோ பாத்தன் அத்தான், சுப்பர். நான் என்ரையை போன வருசமே வித்துப்போட்டன். நாரி ஏலாது."

அண்ணை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேசை துடைக்கப் போனார்.

நேற்றுக் கடிதம் வந்ததாம். குத்தகை ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த முறை வசந்தி அக்காவின் பெயரில் மட்டும். குடிலிலோ வாகனத்திலோ எந்த மாற்றம் செய்வதானாலும் குத்தகைக்காரரின், அதாவது அக்காவின், எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று புதிதாக ஒரு பிரிவும் இருக்கிறது.

அண்ணை தன் முதல் அன்ட்ராக்கை அன்றைக்கே மனைவியிடம் கொடுத்துவிட்டார்: ஒரு கொக்கி பூட்ட அனுமதி வேண்டி. அக்கா பரிசீலித்துக்கொண்டிருக்கிறாராம்... அவசரமில்லாமல். அதுவரை காஸ் சிலிண்டர் தோளில்தான்.