பதினேழு நிமிடப் பூஜ்யம்

இது நடந்தது. ராயபுரத்தில், போன வருஷம், பட்டப்பகலில் நடந்தது. சொல்கிற வழியில் நான் கொஞ்சம் காரம் கூட்டியிருப்பேன், மறுக்கவில்லை. ஆனால் மணியையும் எண்களையும் தொடவில்லை. அவை ஷெர்லின் தன் கையால் எழுதிவைத்தவை. அந்த நோட்டை நானே பார்த்தேன். பார்த்த அன்றைக்கு விளக்கை அணைக்காமல்தான் படுத்தேன்.

ஷெர்லின், பருப்பு மொத்த வியாபாரி வெள்ளத்துரையின் ஒரே மகள். அப்பாவின் குடோனில் மூன்றாவது மாடி அறையைப் பிடித்துக்கொண்டு ஏழு வருஷமாக ஆராய்ச்சி செய்துவந்தாள். வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை மனிதர்கள் எப்படியெல்லாம் எண்ணினார்கள் என்ற வரலாறு. அது ஓயாத மழை. கூரையைத் துளைத்து, மண்டையைத் துளைத்து, இந்த நேரத்தில் உங்கள் உள்ளங்கை வழியாகவும் விநாடிக்கு ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் பலூனில் ஏறி அளந்தார்கள். மேலே போகப் போகக் கூடியது. பிறகு சுரங்கத்தில் இறங்கி எண்ணினார்கள். கீழே போகப் போகக் குறைந்தது. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட விழவில்லை. தலைக்கு மேல் அவ்வளவு பாறை.

"எழுதினது போதும். பழைய கருவியை வைத்து நீயே ஒருமுறை எண்ணிக் காட்டு. இருபத்து நாலு மணி நேரம், ஒரு நிமிஷம் விடாமல்" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். வியாசர்பாடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அலி அக்பரிடம் ஒரு பித்தளைக் குழாயை எடைக்கு வாங்கிவந்தாள். கதிர் ஒன்று புகுந்தால் 'டிக்' என்னும் குழாய். அன்றைக்குப் பிடித்தது சனி.

முதல் முயற்சி கன்டெய்னர் லாரிகளின் அதிர்வில் கெட்டது. சுவரில் விரலால் தட்டினாலே உள்ளே கம்பி அதிர்ந்து பொய்யாக ஒரு 'டிக்' சொல்லும் கிழட்டுக் குழாய் அது. இரண்டாவதை உப்புக்காற்று தின்றது. நேற்று வாங்கிய ஆணியை இன்று முறுக்கு மாதிரி கடித்துத் தின்னலாம், அப்படிப்பட்ட காற்று. மூன்றாவது இருபத்து மூன்றரை மணி நேரம் ஓடியது. அப்போது மூட்டை தூக்கும் ரகுபதி வந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் செல்போனுக்கு சார்ஜ் போட்டார்.

"இன்னாத்துக்கு பாப்பா பேஜார் ஆவுற? அர அவுருதான பாக்கி கீது. நாளிக்கு எண்ணிக்கோ!"

"அண்ணே, நான் கொலைகாரி ஆகதுக்குள்ள எறங்கிப் போயிருங்க."

நான்காவதை அப்பாவே முடித்துவைத்தார். கரண்ட் பில் வந்த ஆத்திரத்தில் மெயினை இறக்கிவிட்டார். "ஏழு வருசமா ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டு இருக்கியேட்டி! எங்கூட கடையில நின்னா ஏழே நாள்ல எண்ணப் பழகியிருப்பலா!"

ஐந்தாவதுதான் கடைசி. பட்டத்துக்கான பதிவுக் காலம் அந்த வார வியாழனோடு முடிகிறது. இதுவும் கெட்டால் ஏழு வருஷமும் தண்ணீரில். ஒரு புதன்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கினாள். பேட்டரி இணைப்பு. பென்சில், நோட்டு. ரகுபதியைப் படிக்கட்டின் அடியில் காவல் வைத்தாள். யாரும் எதையும் தட்டக் கூடாது, தும்மக்கூடக் கூடாது என்று உத்தரவு.

வியாழன் மதியம் இரண்டே கால் வரை நிமிடத்துக்கு அறுபது. தங்கம் மாதிரி எண்கள்.

2:17. நாற்பத்தெட்டு.

2:19. முப்பத்தொன்று.

"இப்பவா? இன்னிக்கா?" என்று பல்லைக் கடித்தாள். பேட்டரியைப் பார்த்தாள். சரியாக இருந்தது. இணைப்புகளும் சரி.

2:22. ஒன்பது.

2:24. பூஜ்யம்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது. துறைமுகத்து கிரேன் தெரிகிறது. ஆனால் குழாய் சொல்வது வேறு. ஒரு மலையே தலைமேல் இருந்தால்தான் இந்தப் பூஜ்யம் வரும்.

லாரி சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அறை கொதித்தது. ஆனால் சுவரில் ஈரம். எங்கோ தண்ணீர் சொட்டியது... கடல் வாசம் இல்லை. ஈரக் கல்லின் வாசம்.

2:31.

டொக்... டொக்... டொக்.

சுவருக்குள்ளிருந்து. விரல் பட்டாலே அதிரும் குழாய், இதற்கு ஒரு 'டிக்'கூடச் சொல்லவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். போனை எடுத்தாள். "அண்ணே! யாரு தட்டுதா?"

"ஆரும் இல்ல பாப்பா. அல்லாரும் சாப்ட போய்ட்டாங்கோ. நான் ஒர்த்தன்தான் குந்திகினு கீறேன்."

2:33. மூன்று தட்டல். பிறகு மௌனம். காது கொடுத்துக் கேட்பது போன்ற மௌனம்...

அவள் கை தானாக உயர்ந்தது. விரல் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. தட்டினால் குழாய் அதிரும். எண்ணிக்கை கெடும். இன்னும் ஒன்றரை மணி நேரம்தான்.

கையை இறக்கினாள். பென்சிலை எடுத்தாள்.

'2:33. மூன்று தட்டல். காரணம் தெரியவில்லை.'

2:36. மறுபடியும் மூன்று. மெதுவாக.

எழுதினாள்.

2:41. ஒரே ஒரு தட்டல்.

அவ்வளவுதான்.

எழுதினாள்.

டிக்.

டிக். டிக். டிக். வெளியே ஒரு லாரி ஹாரன் காதைக் கிழித்தது. நிமிடத்துக்கு அறுபது. மாலை நான்கு மணிவரை ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை.

பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். "பதினேழு நிமிஷம் பூஜ்யமா? 'கருவிக் கோளாறு'ன்னு ஒரு வரி போட்டுடும்மா." ஏழு வருஷத்தில் நடந்த ஒரே அதிசயத்துக்கு ஒரு வரி. தாளை அவர் முகத்தில் எறியலாமா என்றிருந்தது. ஆனாலும் அந்த வரியைப் போட்டாள். பட்டம் கிடைத்தது. வெள்ளத்துரை தெருவுக்கே பிரியாணி போட்டார்.

பட்டம் வாங்கிய மறுவாரம் அலி அக்பர் வந்தார். கையில் செல்லரித்த ஒரு சின்ன நோட்டு.

"அந்தக் கொழா வந்த பொட்டிக்கு அடில கெடந்துச்சும்மா. ஆந்திரா பக்கம் மூடிப்போன சொரங்கமாம். அங்க ஒருத்தர் இந்தக் கொழாய வெச்சிகினு உன்ன மாதிரியே எண்ணிகினு இருந்தாராம். பாற சரிஞ்சி போய்ட்டாரு. அப்பால தோண்டசொல்ல இதெல்லாம் கெடச்சிதாம். அறுவது வருஷம் ஆச்சு. இத்த படிச்சதுலேந்து எனுக்கு சோறு எறங்கல."

அட்டையின் உள்பக்கத்தில் சுரங்க விதி ஒன்று அச்சாகியிருந்தது. 'மாட்டிக்கொண்டவர் மூன்று முறை தட்டவும். கேட்டவர் உடனே மூன்று முறை திருப்பித் தட்டவும். பதில் கேட்டால் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.'

கடைசிப் பக்கம் இருட்டில் எழுதியது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. மணி மட்டும் தெளிவாக இருந்தது. ஒளிரும் முள் வைத்த கடிகாரமாக இருக்கவேண்டும்.

'2:24. கூரை விழுந்துவிட்டது.

2:31. தட்டினேன். மிக அருகில் ஆள் இருக்கிறது.

2:33. தட்டினேன். பென்சில் ஓடும் சத்தம் கேட்கிறது.

2:36. தட்டினேன். எழுதுகிறார்கள்.

2:41. எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.'