மருந்தில்லாத துளி

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி ஸ்லைடு கழுவுவது என் வேலை. அதற்கு முன் வெள்ளறடையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். படித்தது நாலாம் வகுப்பு. ஆட்களிடம் பேசக் கூச்சம். கழுவும் வேலை அதனாலேயே பிடித்திருந்தது.

கக்குவான் இருமல் வந்த குழந்தைகளின் சளியிலிருந்து கிருமியை வளர்த்து, அது எந்த வகை என்று அங்கே பார்ப்பார்கள். கிருமி கரைத்த நீர் ஒரு துளி, அதன்மேல் ஆன்டிபாடி மருந்து ஒரு துளி. வகைக்கு ஒன்றாக இரண்டு குப்பிகள். எந்தக் குப்பிக்குத் துளி மணல்மணலாகத் திரிகிறதோ அதுதான் வகை.

போன மழைக்காலத்தில் ஒரே குழந்தையின் கிருமி திங்களன்று ஒரு குப்பிக்குத் திரிந்தது, புதனன்று இரண்டுக்கும் திரிந்தது. பரிசோதனைக்குப் புதிதாக வந்த மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணா, ஸ்லைடுல சோப்பு உண்டு, அதான் ரெண்டுக்கும் திரியுது. ஒழுங்கா கழுவல்ல. நான் மேலே எழுதிக் குடுக்கப் போறேனாக்கும்.”

எழுதிக் கொடுத்தால் தினக்கூலிக்காரனை நிறுத்திவிடுவார்கள். முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு சோப்பை. பிறகு குழாய்த் தண்ணீரை. கடைசியில்தான் கிருமியைச் சந்தேகப்பட்டேன்.

ரப்பர் பாலை ஆசிட் விட்டுத்தான் உறைய வைப்போம். எடுக்கத் தாமதமானால் ஆசிட் இல்லாமலே, மரத்தில் கட்டிய சிரட்டையிலேயே உறைந்துவிடும். அதன்மேல் ஆசிட்டை ஊற்றி, ஆசிட்தான் உறைய வைத்தது என்று சொல்ல முடியுமா? பழைய மேடம் இருந்தபோது கழுவ வரும் ஸ்லைடில் பென்சிலால் மூன்று வட்டங்கள் இருக்கும். மூன்றாவது, மருந்தில்லாத வெறும் உப்புத் தண்ணீருக்கு என்று அவர் ஒருமுறை சொன்னார். இப்போது வருவதில் இரண்டுதான்.

மறுநாள் காலையில் புது மேடத்தின் மேசையருகே போய் நின்றேன்.

“மேடம், மருந்து விடாம, வெறும் உப்புத் தண்ணியில இது திரியுமா?”

“அது எதுக்கு?”

“தானே திரியிற பாலும் உண்டு, அதான்.”

“இது என்ன, ரப்பர் பாலுண்ணு நெனச்சியளா?” என்று சிரித்தார்.

ஆனாலும் நான் தொடாத புது ஸ்லைடு ஒன்றைப் பொதியிலிருந்து எடுத்தார். உப்புத் தண்ணீரில் கிருமியைக் கலந்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு ஸ்லைடு எடுத்தார். மருந்தில்லாமலே அதிலும் மணல்மணலாகத் திரிந்தது.

“அண்ணா, நீங்க போய் வேலையப் பாருங்க.”

என்னைப் பற்றி மேலே எதுவும் போகவில்லை. அவர் வந்த பிறகு மூன்றாவது வட்டம் இல்லாமலே வகை எழுதி அனுப்பிய மற்ற முடிவுகள் என்ன ஆயின என்று தெரியவில்லை. அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.